ஆய்வகத்தில் நிரல் எழுதுபவருக்கு என்ன பதவி?

எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் வானிலை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த எட்வர்ட் லோரன்ஸிடம் 1960 வாக்கில் எல்ஜிபி-30 என்றொரு கணினி இருந்தது. மேசை அளவு இருக்கும். ஓடத் தொடங்கினால் பெருஞ்சத்தம் போடும். அதற்கு நிரல் எழுத முதலில் வந்தவர் மார்கரெட் ஹாமில்டன். 1961-ல் அவர் வேறு வேலைக்குக் கிளம்பியபோது, தன் இடத்துக்கு வந்த எல்லன் ஃபெட்டருக்கு வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கணினியில் ஓடிய கணக்குகளிலிருந்துதான் 1963-ல் லோரன்ஸின் புகழ்பெற்ற கட்டுரை பிறந்தது. கேயாஸ் கோட்பாட்டின் தொடக்கப் புள்ளியாக இன்று உலகம் கொண்டாடும் கட்டுரை அது. ஆசிரியர் பெயர் ஒன்றே ஒன்று: லோரன்ஸ். கணக்குகளைக் கவனித்துக்கொண்ட ஃபெட்டருக்குக் கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லப்பட்டிருக்கிறது. ஹாமில்டன் பின்னாளில் அப்பல்லோ விண்கலங்களின் மென்பொருளை எழுதிய குழுவுக்குத் தலைமை ஏற்றார்.

அதற்கு முன்பே, 1955-ல், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தில் இருந்த லாஸ் அலமோஸ் ஆய்வகத்திலிருந்து ஓர் அறிக்கை வந்தது. மேனியாக் கணினியில் நடத்திய எண்வழிச் சோதனை பற்றியது. வேலை செய்தவர்கள் என்று அதில் நான்கு பெயர்கள்: ஃபெர்மி, பாஸ்தா, உலாம், சிங்கூ. அறிக்கையை எழுதியவர்கள் என்று மூன்று பெயர்கள். நிரல் எழுதிய மேரி சிங்கூவின் பெயர் இந்த இரண்டாவது பட்டியலில் இல்லை. ஆகவே அந்தச் சோதனை எழுப்பிய அறிவியல் சிக்கலுக்கு அரை நூற்றாண்டுக் காலம் மூவர் பெயரே வழங்கிவந்தது. 2008-ல் பிரெஞ்சு இயற்பியலாளர் தியெரி தோசுவா இதை எடுத்துக்காட்டிக் கட்டுரை எழுதிய பிறகுதான் சிங்கூவின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் பரவியது.

பெயர் விடுபடுவது கண்ணுக்குத் தெரிகிற அநீதி. அதற்கடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. இன்றுவரை பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அதற்கு விடை சொல்லவில்லை. ஆய்வகத்தில் நிரல் எழுதுபவர் யார்? பேராசிரியரா, மாணவரா, அலுவலரா? மானியம் முடிந்ததும் அவர் எங்கே போவார்? அவர் போய்விட்டால் அந்த நிரல் என்ன ஆகும்?

பிரிட்டனில் மென்பொருள் நிலைத்தன்மைக் கழகம் என்றோர் அமைப்பு 2010 முதல் இயங்குகிறது, தலைமையகம் எடின்பரோ. அது 2014-ல் அந்நாட்டின் 15 முன்னணிப் பல்கலைக்கழகங்களில் 417 ஆராய்ச்சியாளர்களிடம் கேட்டறிந்தது. ஆராய்ச்சிக்கு மென்பொருள் பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள் 92 விழுக்காடு. மென்பொருள் இல்லாவிட்டால் தங்கள் ஆராய்ச்சி நடைமுறையில் சாத்தியமே இல்லை என்றவர்கள் 69 விழுக்காடு. சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் 56 விழுக்காடு. அவர்களில் ஐந்தில் ஒருவர் எந்தப் பயிற்சியும் பெறாதவர். இயற்பியல், உயிரியல், பொருளியல் எல்லாம் கலந்த கணக்கு இது. சோதனைக்குழாயைக் கையாளப் பயிற்சி இல்லாத ஒருவரை வேதியியல் ஆய்வகம் உள்ளே விடாது. நிரலுக்கு அந்தக் கட்டுப்பாடு இருந்ததில்லை.

அதன் விளைவைச் சொல்ல ஜெஃப்ரி சாங்கின் கதை ஒன்று போதும். அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் இருந்த அவர், செல்லின் சவ்வில் அமைந்து பொருள்களை வெளியேற்றும் எம்எஸ்பிஏ என்ற புரதத்தின் வடிவத்தை 2001-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார். பெரும் பாராட்டு. அடுத்த ஆண்டுகளில் மேலும் சில கட்டுரைகள் வந்தன. 2006-ல் சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு புரதத்தின் வடிவத்தை வெளியிட்டபோது இரண்டும் பொருந்தவே இல்லை. தேடிப்பார்த்ததில், வேறோர் ஆய்வகத்திலிருந்து வழிவழியாக வந்த ஒரு சிறு நிரல் இரண்டு பத்தித் தரவுகளை இடம் மாற்றிக் கூட்டல் குறியைக் கழித்தல் குறியாக்கியிருந்தது. ஐந்து கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் மூன்று 'சயின்ஸ்' இதழில் வந்தவை. இதில் மோசடி எதுவும் இல்லை. அந்த நிரலை வாங்கியவர்கள் அதைத் திறந்து படிக்கவில்லை, ஏற்கெனவே விடை தெரிந்த ஒரு புரதத்தின் தரவைக் கொடுத்து ஓட்டிப்பார்க்கவும் இல்லை. அனுபவமுள்ள மென்பொருள் பொறியாளர் ஒருவர் வந்த முதல் வாரத்தில் செய்திருக்கக்கூடிய வேலை அது. அது செய்யப்படாததால் இந்தத் துறையில் பலருடைய ஆண்டுகள் வீணாயின.

ஹவாய் பல்கலைக்கழகத்தில் 2019-ல் வெளிப்பட்டது இதைவிட நுட்பமான பிழை. நீலப்பச்சைப் பாசியிலிருந்து எடுத்த சேர்மங்களை ஆராய்ந்துகொண்டிருந்த குழுவொன்று, 2014 முதல் பலரும் பயன்படுத்திவந்த பைத்தான் நிரலை வெவ்வேறு கணினிகளில் ஓட்டியது. ஒரே தரவு, ஒரே நிரல். ஆனால் விண்டோஸில் ஒரு விடை, உபுண்டுவில் வேறு விடை. கோப்புகளைப் பெயர் வரிசையில் அடுக்கித் தருவது இயங்குதளத்தின் வேலை என்று நிரல் நம்பியிருந்தது. எல்லா இயங்குதளமும் அப்படித் தருவதில்லை. 'வரிசைப்படுத்து' என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்துபோகிற பிழை. அந்த நிரலைப் பயன்படுத்திய 150-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சந்தேகக் கண்ணோடு திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

எக்செல் பிழைகள் இன்னும் பரவலானவை. மரபணுப் பெயர்களைத் தேதி என்று நினைத்து எக்செல் மாற்றிவிடுவதை 2016-ல் ஆஸ்திரேலியக் குழுவொன்று தொகுத்துக் காட்டியது. எக்செல் வடிவில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் 2020-ல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள்.

சரி, ஆய்வகத்தில் இருக்கும் மென்பொருள் பொறியாளர் காலையில் வந்து என்ன செய்கிறார்? பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்ட மாணவரின் நிரலைத் திறக்கிறார். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் நியூ' என்று கோப்புகள் கிடக்கின்றன. தரவு இருக்கும் இடம் அந்த மாணவரின் பழைய மடிக்கணினி முகவரியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மாறிகளுக்கு ஓரெழுத்துப் பெயர்கள். எதற்கும் குறிப்பு இல்லை. பேராசிரியருக்கு நிரலின் கருத்து தெரியும், உள்ளே நடப்பது தெரியாது. பொறியாளர் முதலில் எல்லாவற்றையும், மாற்றங்களைப் பதிவுசெய்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் சேர்க்கிறார். பிறகு அதே தரவுக்கு அதே விடை வருகிறதா என்று ஓட்டிப்பார்க்கிறார். பெரும்பாலும் வருவதில்லை. இதற்கிடையே இன்னொரு மாணவர் வந்து, பல கணினிகளை இணைத்த கிளஸ்டரில் தன் கணக்கு இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். போய்ப் பார்த்தால் அதை மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம். சுழலுக்குள் ஒவ்வொரு முறையும் கோப்பைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது.

நிறுவனங்களிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வருபவர்களை முதலில் திணறவைப்பது இந்தக் குழப்பம் அல்ல. ஆய்வகத்தில் தேவை என்ன என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான். கேள்வியே மாறிக்கொண்டிருக்கும். மூன்று மாதம் உழைத்து எழுதிய பகுதி, ஒரு சோதனை பொய்த்ததும் தேவையற்றதாகிவிடும். ஆகவே எந்த நிரலை ஒழுங்குபடுத்த வேண்டும், எதை அப்படியே விட வேண்டும் என்று தீர்மானிப்பதே இந்த வேலையின் முதல் திறமை. ஒரே ஒரு படம் வரைந்துவிட்டுத் தூக்கிப்போடப்படும் நிரலுக்குக் கட்டமைப்பும் ஆவணமும் வீண். பத்து ஆண்டுகள் பலர் கைமாறப் போகும் நிரலுக்கு அவை இல்லாவிட்டால் ஆபத்து. இரண்டையும் பிரித்தறிய அந்த அறிவியல் துறையில் நடப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் இதை வெறும் கணினித் துறை வேலையாகப் பார்ப்பது தவறு.

அதைவிடக் கடினமானது சோதித்தல். வங்கி மென்பொருளில் 500 ரூபாய் எடுத்தால் இருப்பு 500 குறைய வேண்டும்; சரியான விடை முன்பே தெரியும். ஆய்வகத்தில் விடை தெரியாததால்தான் நிரலே எழுதப்படுகிறது. அப்படியானால் அது சரியாக ஓடுகிறதா என்று எப்படிச் சொல்வது? கையால் கணக்கிடக்கூடிய எளிய நிலைகளைக் கொடுத்துப் பார்க்கலாம். ஆற்றல் மாறாமல் இருக்க வேண்டிய இடத்தில் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கலாம். இணைக்கணிப்பில் பல செயலிகள் எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் மாறும். அந்த மாற்றம் இயல்பானதா, பிழையா என்று பிரிக்க வேண்டும். பொய்த் தரவை வேண்டுமென்றே நுழைத்தும் பார்க்கலாம். ஈர்ப்பலைகளைத் தேடிய லைகோ குழு 2010 செப்டம்பரில் இதைத்தான் செய்தது. மிகச் சிலருக்கு மட்டும் தெரிந்த செயற்கைச் சமிக்ஞை ஒன்று கருவிகளில் செலுத்தப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் மாதக்கணக்கில் அதை ஆராய்ந்து, வெளியிடக் கட்டுரைகூடத் தயாரித்தார்கள். 2011 மார்ச்சில் உண்மையை எழுதி மூடிவைத்திருந்த உறையைப் பிரித்தபோதுதான் அது ஒத்திகை என்று தெரிந்தது. கருவி முதல் நிரல்வரை மொத்தத் தொடரும் சமிக்ஞையைப் பிடிக்கும் என்று அதனால் உறுதியாயிற்று. 2015 செப்டம்பர் 14 அன்று உண்மையான ஈர்ப்பலை வந்தபோது இந்தப் பயிற்சி பின்னால் இருந்தது.

லைகோ மிகப் பெரிய கூட்டமைப்பு. அதற்கு ஆளும் பணமும் உண்டு. சாதாரண ஆய்வுக் குழுவின் நிலை 2020-ல் ஊரறிய வெளிவந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் நீல் ஃபெர்குசன் குழு மார்ச் 16 அன்று வெளியிட்ட கொரோனா அறிக்கை பிரிட்டனின் ஊரடங்கு முடிவில் பெரும் செல்வாக்குச் செலுத்தியது. அறிக்கைக்குப் பின்னால் இருந்த நிரல், ஃப்ளூ பரவலைக் கணிக்க 13 ஆண்டுகளுக்கும் முன்பு எழுதப்பட்டது, பல ஆயிரம் வரிகள், ஆவணம் இல்லாதது என்று ஃபெர்குசனே பொதுவெளியில் சொன்னார். மைக்ரோசாஃப்ட், கிட்ஹப் பொறியாளர்களும் விளையாட்டு மென்பொருளில் புகழ்பெற்ற ஜான் கார்மேக்கும் சேர்ந்து அதைச் சீர்செய்து வெளியிட்டார்கள். உடனே விமர்சனம் குவிந்தது. தற்செயல் எண்களுக்கு ஒரே தொடக்க எண் கொடுத்தாலும் சில அமைப்புகளில் வேறு வேறு விடை வருவதை எடின்பரோ குழுவொன்று கண்டது. கோடிக்கணக்கானோரின் அன்றாடத்தை மாற்றும் முடிவை இப்படிப்பட்ட நிரலை நம்பியா எடுப்பது என்று கேட்டார்கள். ஜூனில் கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் எக்லன் நிரலைத் தனியாக ஓட்டிப்பார்த்து, அறிக்கையின் முக்கிய முடிவுகளை மறுபடி பெற முடிகிறது என்று சான்று தந்தார்.

முடிவுகள் மறுபடி கிடைத்தன. ஆனால் நாடே அச்சத்தில் இருந்த வாரங்களில், நம்பகமா இல்லையா என்ற சச்சரவுக்கு இடம் கொடுத்தது நிரலின் நிலைமை. இந்தப் பழியைத் தனி ஆராய்ச்சியாளர் மேல் போடுவது நியாயமல்ல. அந்த 13 ஆண்டுகளில் நிரலைப் பேணுவது யாருடைய வேலையாகவும் வைக்கப்படவில்லை. நோய்ப்பரவல் குழுக்களுக்கு வரும் நிதி புதிய கேள்விகளுக்கு வருவது. பழைய நிரலைத் துடைத்துவைக்க வருவதில்லை.

பல்கலைக்கழக வேலையின் அமைப்பே இங்கு சிக்கல். ஆசிரியர், ஆய்வாளர், நிர்வாக அலுவலர் என்று மூன்று ஏணிகள் உண்டு. நிரல் எழுதுபவர் வழக்கமாக இரண்டாவது ஏணியில், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர் (போஸ்ட்டாக்) என்ற பெயரில், மானியம் இருக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஏற்றப்படுவார். அந்த ஏணியில் மேலே போகக் கட்டுரை வேண்டும். அவரோ மற்றவர்கள் கட்டுரை எழுத உதவிக்கொண்டிருப்பார். ஆண்டுகள் கழித்து அவரது பட்டியலில் கட்டுரைகள் குறைவு, கைவசம் பல பேர் நம்பியிருக்கும் நிரல் ஒன்று. தேர்வுக் குழுவுக்கு அந்த நிரலை எடைபோடத் தெரியாது. தனியார் நிறுவனம் அதிகச் சம்பளத்துடன் கூப்பிடும். போய்விடுவார். அவர் மனதில் இருந்த அறிவும் கூடவே போகும்.

2012 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ஒரு பட்டறையில் இந்த நிலையில் இருந்த சிலர் கூடிப் பேசினார்கள். தங்கள் வேலைக்கு ஆராய்ச்சி மென்பொருள் பொறியாளர் என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டில் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஜேம்ஸ் ஹெதரிங்டன் தலைமையில் இதற்கென்றே ஒரு மையக் குழு தொடங்கியது. பிரிட்டனில் அதுதான் முதல். அதன் ஏற்பாடு எளிமையானது. பொறியாளர்கள் மையக் குழுவின் ஊழியர்கள். எந்தத் துறைப் பேராசிரியருக்கும் ஆள் தேவைப்பட்டால், தன் மானியத்திலிருந்து அவரது நேரத்தில் ஒரு பங்குக்குப் பணம் கட்டலாம். ஒரு பொறியாளர் வாரத்தில் பாதி நாள் மூளை ஆராய்ச்சிக்கும் பாதி நாள் வரலாற்றுத் துறைக்கும் வேலை செய்யக்கூடும். ஒரு மானியம் முடிந்தால் இன்னொன்று தொடங்கும், ஆள் நிற்பார்.

இந்த ஏற்பாட்டின் பெரிய நன்மை பணத்தில் இல்லை. தனி ஆய்வகத்தில் ஒற்றைப் பொறியாளராக இருப்பவருக்கு அவர் எழுதியதைப் படித்துக் குறை சொல்ல ஆளே கிடையாது. குழுவில் சக பொறியாளர்கள் ஒருவர் நிரலை ஒருவர் பார்ப்பார்கள். ஒரு துறையில் கற்றது இன்னொரு துறைக்குப் போகும். குறையும் உண்டு. வேலையை மணிக்கணக்கில் விற்க வேண்டியிருப்பதால் பேராசிரியர் பார்வையில் பொறியாளர் கூப்பிட்டால் வரும் பழுதுபார்ப்பவராகிவிடக்கூடும். மானியங்கள் ஒரே நேரத்தில் வற்றினால் குழுவின் கணக்கு ஆடும். ஒரு துறையில் ஆழமாக ஊறி, அதன் கேள்விகளையே மாற்றும் அளவுக்கு வளரும் வாய்ப்பும் குறைகிறது. அந்த ஆழம் ஆய்வகத்துக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் இருப்பவருக்குத்தான் கிடைக்கும். எனவே மையக் குழுவில் வேர், ஆய்வகத்தில் நீண்ட கால வேலை என்ற கலவையே பலன் தருகிறது.

ஏற்பாடு பரவியது. 2016-ல் மான்செஸ்டரில் முதல் மாநாடு கூடியது; அதே ஆண்டில் பிரிட்டனின் பொறியியல், இயற்பியல் ஆராய்ச்சி நிதி அமைப்பு இந்தப் பொறியாளர்களுக்கென்றே நல்கைகளை அறிவித்தது. 2019-ல் தனிச் சங்கம் பதிவானது. நெதர்லாந்தில் 2011 முதலே ஆம்ஸ்டர்டாமில் தேசிய மையம் உண்டு. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் சங்கங்கள் வந்தன. 2022-ல் ஷ்மிட் ஃபியூச்சர்ஸ் அறக்கொடை, கேம்பிரிட்ஜ் உட்பட நான்கு பல்கலைக்கழகங்களில் இத்தகைய பொறியாளர்களை அமர்த்த 4 கோடி டாலர் ஒதுக்கியது.

ஆனால் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் சொந்தமில்லாத, எல்லோருக்கும் பொதுவான நிரல்களின் கதை இன்னும் மோசம். அறிவியலாளர்கள் அன்றாடம் படம் வரையும் மேட்பிளாட்லிப் நிரலைத் தொடங்கியவர் ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆராய்ச்சியாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பார்க்க அவருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. 2003-ல் அதை வெளியிட்டார். 2012-ல் அவர் இறந்தார். எண் கணக்கீட்டுக்கு அடித்தளமான நம்பையை உருவாக்கியபோது ட்ராவிஸ் ஒலிஃபன்ட் ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர். பின்னர் 2007-ல் தனியார் நிறுவனத்துக்குப் போனார். உலகமெங்கும் பயன்பட்ட நம்பைக்கென்றே முதல் மானியம் கிடைக்க 2017 ஆனது. 2019 ஏப்ரல் 10 அன்று கருந்துளையின் முதல் படம் வெளியானபோது அதன் பின்னால் இந்த பைத்தான் நிரல்கள் இருந்தன. ஐந்து நாள் கழித்து, இவற்றைப் பேண உதவி கேட்ட விண்ணப்பத்தை, போதிய தாக்கம் இல்லை என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிராகரித்தது.

மதிப்பிடும் முறை மெல்ல மாறுகிறது என்பதற்கும் அடையாளங்கள் உண்டு. மென்பொருளையே கட்டுரைபோல ஆய்வு செய்து வெளியிடும் 'ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்' 2016-ல் தொடங்கியது. அங்கே மதிப்பாய்வாளர்கள் நிரலை நிறுவி ஓட்டிப்பார்க்கிறார்கள். ஐரோப்பிய அணு ஆராய்ச்சி அமைப்பான செர்னின் ஸெனோடோ களஞ்சியம் நிரலின் ஒவ்வொரு பதிப்புக்கும் நிலையான அடையாள எண் தருகிறது. மேற்கோள் என்ற நாணயத்தில் மென்பொருளுக்கு மதிப்பு இல்லை என்பதும் முழு உண்மை அல்ல. 2014-ல் 'நேச்சர்' இதழ் தொகுத்த, வரலாற்றில் மிக அதிகம் மேற்கோள் பெற்ற 100 கட்டுரைகளில், மரபணு, புரத வரிசைகளை ஒப்பிடும் கிளஸ்டால் டபிள்யூ 10-ஆம் இடம், பிளாஸ்ட் 12-ஆம் இடம், படிக வடிவங்களைக் கணிக்கும் ஷெல்எக்ஸ் 13-ஆம் இடம். மூன்றும் மென்பொருளை விவரிக்கும் கட்டுரைகள். தொடங்கியவர் கட்டுரை எழுதிப் பெயர் பெற்றுவிடலாம். அடுத்த இருபது ஆண்டுகள் பிழை திருத்திப் பேணியவருக்குத்தான் எழுத ஒரு கட்டுரையும் இருக்காது.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதும்போது இந்தப் பொறியாளர் எதற்கு என்ற கேள்வி இப்போது எழுகிறது. எழுதித் தருகிறது என்பது உண்மை. ஆனால் சாங்கின் ஆய்வகத்தில் நிரல் இல்லாததால் சிக்கல் வரவில்லை. சரிபார்க்காத நிரல் இருந்ததால்தான் வந்தது. ஒரு மாணவர் ஒரு நாளில் ஆயிரம் வரிகளைப் பெற்றுவிடும் காலத்தில், கூட்டல் கழித்தல் எங்கே புரண்டது என்று பார்க்கத் தெரிந்தவரின் தேவை கூடத்தான் செய்யும்.

இந்தியாவில் இந்தப் பதவிக்கு அங்கீகாரம் இன்னும் அரிது. ஐஐடிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பொறியாளர்கள் 'ப்ராஜெக்ட் அசோசியேட்' போன்ற பெயர்களில் ஒப்பந்தத்தில் வருகிறார்கள். திட்டம் முடியும்போது வேலையும் முடியும். மத்திய அரசு 2023-ல் இளநிலை ஆய்வாளர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகையை மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தியது. அரசு நிதியில் நடக்கும் பல திட்டங்களில் ஊழியர் சம்பளமும் இதை ஒட்டித்தான் இருக்கிறது. சென்னையின் மென்பொருள் நிறுவனங்கள் அனுபவசாலிகளுக்குக் கொடுப்பதோடு இதை ஒப்பிட முடியாது. ஆகவே ஆய்வகம் பலருக்கு மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்வரை தங்கும் இடமாகிறது. விதிவிலக்குகளும் உண்டு. ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் ஆய்வகத்துக்கு 2022-ல் நீலேகனி அறக்கொடை 36 கோடி ரூபாய் தந்தது. அடுத்த ஆண்டே தமிழ் உட்பட அட்டவணை மொழிகள் 22-க்கும் மொழிபெயர்க்கும் இண்டிக்டிரான்ஸ்2 அங்கிருந்து வெளிவந்தது. ஆராய்ச்சியாளர்களும் பொறியாளர்களும் ஒரே கூரையின் கீழ் நீடித்து வேலை செய்ய நிதி இருந்தால் என்ன முடியும் என்பதற்குத் தமிழ் வாசகர் கைப்பேசியிலேயே சோதித்துப் பார்க்கக்கூடிய சான்று அது.

அறக்கொடை எல்லா ஆய்வகத்துக்கும் வராது. மற்றவர்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. கருவி வாங்க நிதி கேட்கும் எந்தத் துறையும் அதோடு ஏ.எம்.சி. என்று ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கேட்கிறது; நிதிக்குழுவும் ஏனென்று கேட்காமல் ஏற்கிறது. அதே கருவியிலிருந்து வரும் தரவைப் படிக்கும் நிரலுக்கும் அப்படி ஒரு தலைப்பு விண்ணப்பப் படிவத்தில் வேண்டும். ஐந்து துறைகள் அந்தத் தொகையைச் சேர்த்து வைத்தால், ஒரு பல்கலைக்கழகம் இரண்டு பொறியாளர்களை நிரந்தரமாக அமர்த்தலாம். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் குழுவும் சிறியதாகத்தான் தொடங்கியது.